தறிக்குழியில் கடல்

பிள்ளையார்பாளையத்தில் பஞ்சாட்சர முதலியார் வீட்டுக்கு மீன் போகிறது என்ற செய்தி, மீன் போய்ச் சேருவதற்கு முன்பே தெருக்கோடியை எட்டிவிட்டது. தலைமுறை தலைமுறையாக முட்டை ஓடுகூடப் படி தாண்டாத வீடு அது. கோயிலுக்குப் பரிவட்டப் பட்டு நெய்து கொடுக்கிற வீடு. அந்த வீட்டுப் பெரியவர் எழுபத்திரண்டாம் வருஷத்துத் தை மாதத்தில், பட்டப்பகலில், ஒற்றை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு கண்ணாடித் தொட்டியை நிறுத்தி, முதுகு வளையாமல் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. கழுத்தில் உருத்திராட்சம். மடியில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள் மீன்.

"இன்னா முதலியாரே, சைவத்துல இருந்து மாறிட்டீங்களா?" என்று எதிர்வீட்டுத் தணிகாசலம் வாசலில் நின்றபடி கேட்டார்.

"தின்றதுக்கு எடுத்துக்கினு வரல. காப்பாத்தறதுக்கு எடுத்துக்கினு வரேன். உனுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா அது உன் வயித்துக் கோளாறு."

தெரு சிரித்தது. முதலியார் சிரிக்கவில்லை. ஜாடியைத் தாமே இறக்கினார். வேறு யாரையும் தொட விடவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய ஐப்பசியில் அவர் மனைவி தில்லையம்மாளுக்கு வயிற்றில் கட்டி. உடம்பு பாதியாகிப் போனது. வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லாமல் அழுதார்கள். அந்தக் கட்டியை அறுத்து எடுத்து, தில்லையம்மாள் தன் வாயால் கஞ்சி கேட்கும்வரை கட்டிலை விட்டு நகராமல் இருந்தவர் டாக்டர் கிருஷ்ணவேணி. மறு மாதம் முதலியார் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அரக்கு நிறக் கோர்வைப் புடவை ஒன்றை வைத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனார். அந்த அம்மாள் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில நாள் முழுக்க ரத்தமும் டிஞ்சருமா நிக்கறவ நான். இதை எங்க கட்டறது? உங்க வீட்டம்மாவுக்குக் கட்டிவிடுங்க. நான் பாத்துச் சந்தோஷப்பட்டுக்கறேன்."

முதலியார் தாம்பாளத்தோடு திரும்பி வந்தார். நன்றியைச் சொல்ல இடமில்லாமல் போனது அவருக்கு மார்பில் சோறு அடைத்தமாதிரி இருந்தது. அதன்பிறகு டாக்டரம்மா மகளுக்குப் பம்பாயில் பிரசவம் என்று தெரிந்தது. ஊரில் பாதிக் குழந்தைகளைப் பிடித்து வெளியே விட்டவர், சொந்தப் பேரக் குழந்தைக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஆனால் வீட்டுக் கூடத்தில் கடல் மீன் தொட்டி இருந்தது. மண்டபம் கடற்கரையிலிருந்து வந்த மீன்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தில்லையம்மாளைக் காட்ட வந்திருந்த முதலியார் இதைக் கேட்டதும், "நான் பாத்துக்கறேம்மா" என்றார். தில்லையம்மாள் கணவருக்கு ஜுரமோ என்று முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சைவம் ஆச்சே?" என்றார் டாக்டரம்மா.

"அதனாலதான் என் வீட்டுல அதுங்களுக்குப் பயம் இல்ல. நீங்க வர்ற வரைக்கும் ஒண்ணுகூடக் குறையாது. இது என் வாக்கு."

வாக்கு என்ற சொல்லை முதலியார் வாழ்நாளில் அதிகம் செலவழித்ததில்லை.

டாக்டரம்மா மகிழ்ந்துபோய் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தார். கறுப்புடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன். அவை படுத்துப் புரள, பாறைமேல் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக அசையும் ஒரு கடல் பூ. பூ என்று பெயர். உண்மையில் அதுவும் ஒரு உயிர்தான். பிறகு, எவனோ விட்டுப்போன சங்குக்குள் புகுந்து குடியிருக்கும் ஒரு நண்டு. அதற்குச் சாமியார் நண்டு என்று பேர் வைத்திருந்தார்.

"சின்னத் தொட்டியில கடலை அடக்கறதுதான் சிரமம், ஐயா. தண்ணி குறைச்சல்னா சீக்கிரம் கெடும். வெயில் காலம் வேற வருது. கீழே இன்னொரு தொட்டி வெக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. சம்ப்னு சொல்லுவாங்க. மேல்தொட்டியில ஓட்டை போட்டு வெச்சிருக்கேன், பாருங்க, ரப்பர் அடைச்சிருக்கு. அதுவழியா தண்ணி கீழே எறங்கும். அங்க கரி, மணல், கிளிஞ்சல் எல்லாத்துலயும் பூந்து சுத்தமாகும். இந்த மோட்டார் அதை மறுபடி மேலே ஏத்தும். மோட்டார் எங்க அண்ணன் ஜெர்மனியிலேர்ந்து அனுப்பினது. முழுக்க பிளாஸ்டிக். ஆனா நெஞ்சு உயரத்துக்கு மேல ஏத்தாது. என் மேஜை உயரம் அதிகம், அதான் வெக்கவே இல்லை."

"ஒண்ணு எறங்கினா ஒண்ணு ஏறணும். தறி மிதி மாதிரி" என்றார் முதலியார்.

"அதேதான்! ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. இரும்பு, துருப்பிடிக்கற சாமான் எதுவும் அந்தத் தண்ணியில படக்கூடாது."

அப்படித்தான் மீன் வண்டி ஏறியது. பழைய கடல்நீர் முழுவதும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் புட்டிகளில் கூடவே வந்தது. புட்டிகள் மறுநாளே கழுவித் திரும்பிப் போயின.

முதலியார் வீட்டுக் கூடத்தில் மூன்று தறிகள். ஜன்னலோரத் தறியில் நெய்தவர் மகள் வீட்டோடு ஆரணிக்குப் போய்விட்டதால், தறியைக் கழற்றிப் பரணில் ஏற்றியிருந்தார்கள். நெய்கிறவன் காலை இறக்கி மிதிக்கிற குழி மட்டும், மேலே பலகை மூடிக் கிடந்தது. முதலியார் அந்தப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். சுண்ணாம்பு பூசிய சுவர், இடுப்பளவு ஆழம், கோடையிலும் சில்லென்று இருக்கும் இடம். மேல்தொட்டியைக் குழியின் விளிம்பில் ஒரு தாழ்ந்த மணைமேல் வைத்தால், மோட்டார் ஏற்ற வேண்டிய உயரம் பாதியாகிவிடும். ஜெர்மனிக்காரன் காஞ்சிபுரத்துத் தறிக்குழியைப் பார்த்துத்தான் மோட்டாரே செய்திருப்பான் என்று தோன்றியது அவருக்கு.

கீழ்த்தொட்டிக்குக் கொல்லையில் மாடு தண்ணீர் குடித்த கல்தொட்டி. இரும்பு இல்லை, துரு இல்லை. தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, வடம் கட்டிக் குழிக்குள் இறக்கினார்கள். இறக்கியவன் துரைக்கண்ணு. நடுத் தறியில் நெய்கிறவன், தென்னேரிக்காரன், வாய் ஓயாதவன்.

"எங்க தென்னேரி ஏரி மதகத் தொறந்தா மீனு தானா வயல்ல வந்து துள்ளும், மொதலாளி. அதுங்களுக்கு யாரு மோட்டார் வெச்சாங்க?"

"அது ஏரி. இது விருந்தாளி. கயித்தைப் புடி."

மரச்சட்டம் கழற்றிய கல் சிலேட்டுகளைத் தடுப்பாக நிறுத்திக் கல்தொட்டியை மூன்று அறையாக்கினார் முதலியார். முதல் அறையில் கொட்டாங்கச்சிக் கரி. இரண்டாவதில் அலசிய மணலும் கிளிஞ்சலும். மூன்றாவது, தெளிந்த தண்ணீர் நிற்கும் இடம், மோட்டார் அங்கே. மேலிருந்து இறங்கும் குழாயின் வாயில் கசடு தங்க ஒரு துணிப்பை வேண்டும் என்றபோது, தில்லையம்மாள் சாயம் ஏற்றாத வெள்ளைப் பட்டில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள்.

"ஜரிகை ஒரு இழைகூட இல்ல, பாத்துக்கங்க. உங்க விருந்தாளிங்க அழுக்கைப் பட்டுலதான் துப்புவாங்க போல."

"நம்ம வீட்டுக்கு வந்தவங்க அப்பிடித்தான் இருப்பாங்க" என்றார்.

மீனைப் பழைய நீரோடு ஜாடியிலும் பிளாஸ்டிக் வாளியிலும் வைத்துவிட்டு, முதலில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். மோட்டார் மெல்ல முனகியது. மேலே ஏறிய தண்ணீர் ஓட்டை வழியாகத் தெளிவாக இறங்கியது. எல்லாரும் கைதட்டும்போது முதலியார் எழுந்துபோய் மெயினை அணைத்தார்.

"ஏங்க! நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு?"

"நம்ம ஊருல கரண்டு நின்னா சொல்லிட்டா நிக்குது?"

மேல்தொட்டித் தண்ணீர் ஓட்டை மட்டம்வரை இறங்கி நின்றது. அதனால் கீழே நீர் நாலு விரல் உயர்ந்தது, விளிம்பைத் தாண்டவில்லை. முதலியார் குழிக்குள் இறங்கி அந்த நாலு விரலை விட்டுக் கீழே சுண்ணாம்புக் கோடு போட்டார். இந்தக் கோட்டுக்கு மேல் யாரும் ஒரு சொம்புகூட ஊற்றக்கூடாது என்று உத்தரவு. பக்கத்துத் தறியில் ஒரு கல்யாணப் புடவையின் பாவு ஓடிக்கொண்டிருந்தது. உப்புத்தண்ணீர் பட்டால் ஜரிகை கறுத்துவிடும். யார் வீட்டுக் கல்யாணமும் தன் வீட்டு மீனால் கெடக்கூடாது.

இனி வேண்டியது கடல்நீர்தான். பழைய நீரையும் மீனையும் மேல்தொட்டியில் திரும்ப விட்டதில், நீர் அதற்கே சரியாகப் போயிற்று. அமாவாசை, பௌர்ணமி மாதிரிப் பர்வ நாளைத் தவிர மற்ற நாளில் கடலைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷாவருஷம் தெருவே லாரி வைத்துக்கொண்டு மகாபலிபுரம் போய்த் தலைமுழுகி வரும். அன்றைக்கே கொண்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

"மண் கொடத்துல எடுத்துக்கினு வரலாமே? லேசா இருக்கும்" என்றாள் தில்லையம்மாள்.

"மகத்தன்னிக்கு எடுக்கறது தீர்த்தம்டி. அதை மண் கொடத்துலயா? இந்த வீட்டுலயா? தெரு சிரிக்கும்."

பாகப்பிரிவினையில் மூத்தவர் பங்காக வந்த செப்புக் குடங்கள் நான்கும் பரணிலிருந்து இறங்கின. புளி போட்டுத் தேய்த்ததில் அடுப்பு நெருப்பு மாதிரி ஜொலித்தன. செம்பு துருப்பிடிக்காது. டாக்டரம்மா சொன்னதற்கும் பழுதில்லை, குடும்ப கௌரவத்துக்கும் பழுதில்லை என்று முதலியாருக்குத் திருப்தி.

லாரியில் டிரைவர் பக்கத்தில் அவர். பின்னால், கூட்டத்துக்கு நடுவே அவர் தம்பி சபாபதி. ஒரே வீட்டை நடுச்சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். சபாபதி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தபோது, "என் அப்பன் பேரை விட்டுட்டு சங்கத்துக்குக் கூலி நெய்யறியா? என் படி ஏறாதே" என்று அண்ணன் சொல்லிவிட்டார். தம்பி ஏறவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிஞ்சியது கொல்லைக் கிணறு ஒன்றுதான். அங்கே பெண்கள் இருவரும் பேசிக்கொள்வது ஆண்களுக்குத் தெரியும், தெரியாதமாதிரி இருப்பார்கள். மகாபலிபுரத்துக் கடலில் அண்ணன் ஒரு பக்கம் முழுகினார், தம்பி ஒரு பக்கம் முழுகினான். யார் எதை எடுத்துக்கொண்டு லாரி ஏறினார்கள் என்று முதலியார் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான்கு குடத்து நீரையும் கல்தொட்டியில் ஊற்றினார்கள். முதலியார் தொட்டிக் கண்ணாடியில் மூன்று விரலால் திருநீறு இழுத்துவிட்டு மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஏறியது, இறங்கியது. மீன்கள் புது ஓட்டத்தை எதிர்த்து நீந்தின. தெரு முழுக்க ஜன்னலில் நின்றது.

"சாட்சாத் சமுத்திரத்தையே தறிக்குழியில எறக்கிட்டீங்களே, முதலியாரே" என்றார் தணிகாசலம். இந்தமுறை கிண்டல் இல்லை. முதலியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார் என்று தில்லையம்மாள் பிற்பாடு சொன்னாள்.

அதற்கடுத்த நாள் காலையில் துரைக்கண்ணுதான் முதலில் கத்தினான். மீனுக்கு இறால் தூள் போடுவது அவன் பொறுப்பு. அந்த டப்பா மாட்டுக் கொட்டகையோடு சரி, வீட்டுக்குள் வராது.

"மொதலாளி! சாமியாரு வேட்டிய அவுத்துட்டாரு!"

முதலியார் பூஜையை விட்டு ஓடிவந்தார். நண்டு சங்கை விட்டு வெளியே வந்து, மூடிவைக்க ஒன்றுமில்லாத மெல்லிய வயிற்றோடு மணலில் கிடந்தது. கடல் பூ விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மூடிய கைப்பிடி மாதிரிச் சுருங்கியிருந்தது. படுக்கை பறிபோன மீன்கள் இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்தன.

மோட்டார் ஓடுகிறது. கரி இருக்கிறது. மணல் இருக்கிறது. தண்ணீர் பளிங்காக இருக்கிறது. எது குறை என்று தெரியாமல் முதலியார் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தில்லையம்மாளைக் கட்டிலில் பார்த்த நாட்களில் எப்படிச் சுற்றினாரோ அப்படி. பம்பாய்க்குப் போன அம்மாள் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது? என் மனைவியை நீங்கள் கொடுத்தீர்கள், உங்கள் மீனை நான் கொன்றேன் என்றா?

"ஏங்க, இங்க வாங்க" என்று கொல்லையிலிருந்து தில்லையம்மாள் குரல்.

அவள் செப்புக் குடங்களை எடுத்துவைக்கப் போனவள். ஒரு குடத்தைச் சாய்த்து உள்ளே காட்டினாள். கழுத்துவரை பச்சைப் பசேலென்று களிம்பு பூத்திருந்தது.

"ஈயம் பூசாத பாத்திரத்துல புளிக்கொழம்பு வெச்சா இன்னா ஆவும்?" என்று கேட்டாள். குரலில் குற்றம் இல்லை, பயம்தான் இருந்தது.

"வாந்தி எடுப்போம்."

"உப்பும் அதேதானேங்க. ராவெல்லாம் இதுல ஊறின தண்ணியத்தான் அதுங்க குடிச்சுக்கினு இருக்குதுங்க."

முதலியார் களிம்பை விரலால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார். எந்தக் குடத்தைத் தெரு பார்க்கட்டும் என்று தூக்கினாரோ, அந்தக் குடத்து விஷத்தை ஜெர்மனி மோட்டார் ஒழுங்காக மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கோளாறு இயந்திரத்தில் இல்லை.

"நல்ல கடல்தண்ணி இப்பவே வேணும். பஸ்ஸப் புடிச்சுப் போயி வந்தா சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் தாங்காது" என்றார். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

தில்லையம்மாள் முந்தானையைத் திருகினாள். "கொழுந்தனாரு வீட்டுல இருக்குது."

"இன்னா இருக்குது?"

"கடல்தண்ணி. ஆறு ஜாடி. மகத்தன்னிக்கு அவரும் எடுத்துக்கினு வந்தாரு."

"அவனுக்கு எதுக்கு?"

"உங்களுக்குத்தான். கல்தொட்டி எம்மாம் பெருசுன்னு அவருக்குத் தெரியாதா? அவரு கையால அதுல மாட்டுக்குத் தண்ணி காட்டி வளந்தவருதானே. 'நாலு கொடம் எந்த மூலைக்குப் பத்தும், அண்ணன் தவிச்சுப் போவாரு'ன்னு எடுத்துக்கினு வந்துட்டு, குடுக்கப் பயந்துக்கினு மூடி வெச்சுக்கினு இருக்கறாரு. செல்லியம்மா நேத்து கெணத்தடியில சொன்னா. போன தீபாவளிக்கு அனுப்பின பலகாரத்த நீங்க தட்டோட திருப்பி அனுப்பினீங்களே."

முதலியார் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அவர்தான் செங்கல் வாங்கிப் போட்டவர்.

"தொரக்கண்ணுவ அனுப்பறேன்" என்றாள் தில்லையம்மாள்.

"வேணாம். கேக்கறவன் நான். ஆளை அனுப்பிக் கேட்டா அது கேக்கறது இல்ல, அதிகாரம் பண்றது."

கொல்லை வழியாகப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. முதலியார் வாசல் வழியாகத்தான் போனார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தணிகாசலம் பார்த்துக்கொண்டிருக்க, தெருவில் இறங்கி அடுத்த வீட்டுப் படி ஏறினார்.

சபாபதி தறிக்குழியில் கால் தொங்க நெய்துகொண்டிருந்தான். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தவன் கையில் இழை ஓட்டுகிற நாடா அப்படியே நின்றது. செல்லியம்மாள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"சபாபதி."

"அண்ணா."

"உன்கிட்ட கடல்தண்ணி இருக்குதாமே."

"இருக்குதுண்ணா."

"எனுக்கு வேணும்பா. தப்புப் பண்ணிட்டேன். செப்புக் கொடத்துல கொண்டாந்து ஊத்திட்டேன். செத்துக்கினு இருக்குதுங்க."

சபாபதி குழியிலிருந்து ஏறியது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். மூலையில் கோணியால் மூடியிருந்தவற்றைத் திறந்தான். ஆறும் பீங்கான் ஜாடிகள். அம்மா ஊறுகாய் போட்ட ஜாடிகள். மூத்தவருக்குச் செம்பு, இளையவனுக்குப் பீங்கான் என்று பிரித்தது முதலியார்தான்.

"இதுலயா எடுத்துக்கினு வந்த?"

"நம்ம பங்குக்கு இதுதானே வந்துச்சு மாமா" என்று உள்ளிருந்து செல்லியம்மாள் குரல் வந்தது. அதில் கொஞ்சம் காரம் இருந்தது. இருக்க நியாயமும் இருந்தது.

"ஆமாம்மா. நல்ல சாமானெல்லாம் உங்களுக்குத்தான் வந்திருக்குது" என்றார் முதலியார்.

ஜாடியை ஆளுக்கொரு பக்கம் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அண்ணனும் தம்பியும் தெருவில் நடந்தார்கள். சபாபதி அண்ணன் வீட்டுப் படியருகே ஒரு கணம் நின்றான்.

"இன்னாடா நிக்கற? கை நோவுது, ஏறு."

ஏறினான்.

மீன்களையும் நண்டையும் பூ ஒட்டியிருந்த பாறையையும் முதல் ஜாடியில் இறக்கினார்கள். மேல்தொட்டி நீரையும் கல்தொட்டி நீரையும் வாளி வாளியாக இறைத்து வாய்க்காலில் கொட்டினார்கள். கரியைத் தூக்கி எறிந்து புதுக் கரி. மணலை அலசி அலசித் துரைக்கண்ணுவின் விரல் வெளுத்தது. சபாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் நின்று கல்தொட்டியைத் தேய்த்தான். இடையில் அண்ணன் போட்ட சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்து, "இது எதுக்குண்ணா?" என்று கேட்டான். கரண்டு நின்றால் இறங்கும் நாலு விரலைப் பற்றி முதலியார் விளக்கினார். "அட!" என்றான் தம்பி. அந்த ஒரு 'அட'வில் பழைய சபாபதி இருந்தான். தறிக் கணக்கு எதைச் சொன்னாலும் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன்.

ஜாடி நீர் மேல்தொட்டியை நிரப்பிற்று. கீழே கணுக்கால் அளவுகூட நிற்கவில்லை. மோட்டாரைப் போட முடியாது.

"அமாவாசைக்கு நாள் கெடக்குதுண்ணா. இப்ப கடலைத் தொடக்கூடாதே" என்றான் சபாபதி.

முதலியார் யோசித்தார். அவர் தாத்தா மீறாத வழக்கம். அப்பா மீறாத வழக்கம்.

"தொடலாம். கோவிச்சுக்கறதுன்னா சமுத்திரராஜன் என்னைக் கோவிச்சுக்கட்டும். உயிருக்கு வேண்டித்தானே கேக்கப் போறோம், வேடிக்கைக்கா?"

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் காலி ஜாடிகளோடு கிளம்பினார்கள். செங்கல்பட்டுவரை ஒரு வைக்கோல் லாரி, அங்கிருந்து ஒரு வேன். விசேஷம் எதுவும் இல்லாத நாளில் கடற்கரை வெறிச்சென்று கிடந்தது. முதலியார் கரையில் நின்று கும்பிட்டுவிட்டு, முழங்கால் அளவு நீரில் இறங்கினார். அலை ஒன்று அவரை லேசாகத் தள்ளியது. பின்னால் நின்ற சபாபதி முதுகில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டான். அலை போன பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. முதலியார் எடுக்கச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மோட்டார் மறுபடி முனகியது. இந்தமுறை தெருவுக்குச் சொல்லவில்லை. வீட்டார் மட்டும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். செல்லியம்மாள் சுண்டல் கொண்டு வந்திருந்தாள். முதலியார் தட்டைத் திருப்பவில்லை, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

நண்டு முதலில் தேறியது. நடந்துபோய் ஒரு சங்கைப் புரட்டிப் பார்த்து, பிடிக்காமல் விட்டு, இன்னொன்றில் புகுந்தது. மீன்கள் அடுத்து. பூ மட்டும் சுருண்டே கிடந்தது. முதலியார் தினமும் காலையில் பூஜை முடித்து நேராகக் குழியண்டை வருவார். பார்த்துவிட்டுத் தறிக்குப் போவார். பங்குனி பிறந்த பிறகு ஒரு காலையில், ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தபோது, பூவின் ஒரு ஓரத்தில் நான்கைந்து விரல்கள் வெளியே வந்தன. மீன் ஒன்று அதைப் பார்த்துவிட்டது. போய் மெல்லத் தலையைத் தேய்த்தது. முதலியார் தம்மை அறியாமல் இரண்டு கையையும் கூப்பினார். யாரைக் கும்பிட்டார் என்று தில்லையம்மாள் கேட்டதற்கு, "எல்லாரையும்தான்" என்றார்.

சித்திரை வெயிலில் ஊரே காய்ந்தபோது குழியிலிருந்த நீர் சில்லென்று இருந்தது. கரண்டு எத்தனையோ தடவை நின்றது. சுண்ணாம்புக் கோடு ஒருமுறையும் பொய்க்கவில்லை. கல்யாணப் புடவை ஜரிகை மின்னத் தறியிலிருந்து இறங்கிற்று.

டாக்டர் கிருஷ்ணவேணி பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்தார். பெட்டியை வீட்டில் வைத்த கையோடு பிள்ளையார்பாளையம் வந்தவர், மேலே பார்த்தார், குழிக்குள் எட்டிப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். பூ கை அகலத்துக்கு விரிந்திருந்தது.

"என்கிட்ட இருந்ததைவிட நல்லா இருக்கே! எப்படிங்க?"

முதலியார் நிமிர்ந்து நின்றார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேம்மா. நான் இதுங்களைக் கொல்லப் பாத்தேன்." செப்புக் குடத்துக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, கதவோரம் நின்றவனைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "என் வாக்கைக் காப்பாத்தினது இவன். சபாபதி. என் கூடப்பொறந்த தம்பி. சங்கத்துல நெய்யறான், நல்லா நெய்வான். நீங்க தேங்க்ஸ் சொல்றதா இருந்தா அவனுக்குச் சொல்லுங்க. நான் சொல்லியாச்சு."

எங்கே சொன்னார் என்று சபாபதிக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டமாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டரம்மா வெகுநேரம் குழியோரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "இதை எப்படி எடுத்துக்கிட்டுப் போறது? மீனைத் தூக்கிடலாம். குழியை எப்படித் தூக்கறது? பேசாம இங்கேயே இருக்கட்டும்."

"உங்க பொருள் உங்க வீட்டுலதாம்மா இருக்கணும். குழிக்கு நாங்க ஆச்சு" என்றார் முதலியார்.

அந்த வாரமே கடப்பாறையும் மண்வெட்டியுமாக அண்ணன், தம்பி, துரைக்கண்ணு மூவரும் டாக்டர் வீட்டுக் கூடத்தில் இறங்கினார்கள். தரை ஓடுகளை அலுங்காமல் பெயர்த்து அடுக்கினார்கள். வைத்தியத்துக்கு வந்து காத்திருந்த பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"டாக்டரம்மா தறி போடப் போறாங்களா?" என்று பிள்ளைத்தாச்சி ஒருத்தி கேட்டாள்.

"ஆமாம்மா. ஊசி போட்டது போதும்னுட்டாங்க" என்றான் துரைக்கண்ணு.

ஆழம் சரிதானா என்று பார்க்க சபாபதி குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டான். மிதிக்கிறமாதிரி ஒருமுறை அசைத்தும் பார்த்தான்.

"எப்பிடிடா இருக்குது?" என்றார் அண்ணன், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தம் காலையும் இறக்கியபடி.

"இன்னும் ஒரு சாண் போவணும்ணா. கல்தொட்டி ஒக்காரணுமே."

"போலாம், போலாம். மோர் வருது, குடிச்சுட்டுத் தோண்டலாம்."